பொழுதுபோக்கிற்கும் ஓர் ஆண்டுக் கணக்கு

 

நம் இல்லங்களில் அரிசிக்குக் கணக்கு உண்டு. பாலுக்குக் கணக்கு உண்டு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மாதச் சீட்டு ஆகிய யாவும் ஏதோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடம் பெற்று விடுகின்றன. ரமழான் நெருங்கியதும் ஜகாத்திற்காகத் தங்கத்தை நிறுத்துப் பார்க்கிறோம். கையிருப்பை எண்ணிப் பார்க்கிறோம். ஆனால், எந்த நோட்டிலும் ஏறாத செலவு ஒன்று பல வீடுகளில் சத்தமின்றி நடந்து கொண்டிருக்கிறது. அதுதான் பொழுதுபோக்கிற்காகச் செய்யப்படும் செலவு. இம்மாதம் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

பொழுதுபோக்கு என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒருவர் தபால் தலை சேர்ப்பார். மற்றொருவர் பழைய நாணயம் சேர்ப்பார். நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இளைஞர்களையும், ஏன், நடுத்தர வயதினரையும் ஆட்கொண்டுள்ள ஆசை, பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பதாகும். வேலைக்குச் செல்ல ஒரு வண்டி வாசலில் நிற்கும். அதற்குப் பின்னால், போர்வை போர்த்தப்பட்ட நிலையில் இரண்டோ மூன்றோ பழைய வண்டிகள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வை நீங்கும். துடைப்பும் மெருகேற்றலும் நடைபெறும். இராயக்கோட்டைச் சாலை வரை ஒரு சுற்று போய் வந்ததும் மீண்டும் போர்வை ஏறிவிடும்.

இந்த ஆசை இப்பகுதியில் வேரூன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருவர் அமர்ந்து செல்லத் தக்க டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தயாரிக்கப்பட்ட இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிளும் 1984-இல் இதே மண்ணிலிருந்துதான் புறப்பட்டது. எல்லையைத் தாண்டினால் மைசூர். அங்கே ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவா, எஸ்டி வண்டிகளைத் தயாரித்து வந்தது. வடநாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 என்ற வண்டியோ 1985-இல் வந்து 1996-இல் நிறுத்தப்பட்ட பிறகும் இளைஞர்களின் கனவை விட்டு அகலவில்லை. இத்தகைய வண்டிகளைத் தயாரித்த கைகள் நம் தந்தையர்களின் கைகள். அவர்கள் வியர்வை சிந்திய பொருளின்மீது பிள்ளைகளுக்குப் பாசம் பிறப்பது இயல்பே. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. புதியது பெருகப் பெருகப் பழையதன்மீது ஏக்கம் கூடுவதும் மனித இயல்புதான்.

அழகை நேசிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயமாகிய அந்நஹ்ல், குதிரை முதலிய வாகனங்களைக் குறிப்பிடும்போது, அவை ஏறிச் செல்வதற்கு மட்டுமின்றி அலங்காரத்திற்காகவும் படைக்கப்பட்டவை என்பதை எடுத்துக் கூறுகிறது. ஆகவே, பழைய வண்டியை விரும்புவதே பாவம் என்று யாரும் ஃபத்வா கொடுத்துவிட வேண்டாம். கேள்வி விருப்பத்தைப் பற்றியது அன்று, அளவைப் பற்றியது. அளவு தெரிய வேண்டுமானால் முதலில் கணக்குத் தெரிய வேண்டும்.

இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ‘பின்பால்’ என்றோர் விளையாட்டு இயந்திரம் உண்டு. கண்ணாடி மூடிய சாய்வுப் பலகையில் ஓர் இரும்புக் குண்டு உருண்டோட, அது கீழே விழாமல் இருபுறமும் உள்ள துடுப்புகளால் தட்டித் தட்டி விளையாடுவர். அது சூதாட்டத்திற்கு வழிகோலுகிறது, பிள்ளைகளின் காசைப் பறிக்கிறது என்று கூறி நியூயார்க் நகரம் 1942-இல் அதற்குத் தடை விதித்தது. மேயர் லா கார்டியாவின் காலத்தில் காவலர்கள் அவற்றைச் சம்மட்டியால் உடைத்தெறிந்தனர். 1976-இல்தான் அத்தடை நீங்கியது. அன்று உடைத்தெறியப்பட்ட அதே வகை இயந்திரத்தை இன்று பலர் ஆயிரக்கணக்கான டாலர்கள் கொடுத்து வாங்கி வீட்டில் வரிசையாக நிறுத்துகின்றனர். வாங்குவதோடு செலவு முடிகிறதா? இல்லை. ரப்பர் வளையம் தேயும், விளக்கு அணையும், மின்காந்தச் சுருள் கருகும். அதை வைத்திருக்கும் வரை அது தின்றுகொண்டே இருக்கும். கொடுத்த விலையை எல்லோரும் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஆகும் செலவைக் கேட்டால்தான் பதில் வருவதில்லை.

நம் வட்டாரத்திற்கே திரும்புவோம். பழைய வண்டி வைத்திருப்பவரிடம் விலையைக் கேட்டுப் பாருங்கள். “மலிவாகக் கிடைத்தது” என்பார். ஆண்டுச் செலவைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. ஆகவே நாமே ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஓர் ஆர்.எக்ஸ். 100, ஒரு 250 சி.சி. எஸ்டி, ஒரு டி.வி.எஸ். 50 ஆகிய மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. வண்டி வாரம் ஒரு நாள்தான் வெளியே வருகிறது என்பதற்காகச் சட்டம் விலக்கு அளிப்பதில்லை. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 75 சி.சி. வரை 538 ரூபாய். அதற்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய். அதற்கு மேல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய். நம் மூன்று வண்டிகளுக்கும் சேர்த்து 2,618 ரூபாய். அதன்மேல் 18 சதவீத வரி சேர, ஏறத்தாழ 3,089 ரூபாய் ஆகிறது.

இரண்டாவது, பதிவுப் புதுப்பிப்பு. முதற்பதிவின் 15 ஆண்டுகள் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பித்தாக வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாயிற்று. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு அது 2,000 ரூபாய். மூன்று வண்டிகளுக்கு 6,000 ரூபாய். ஐந்தாண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் தாமதத்தின் ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு வண்டிக்கு 300 ரூபாய் கூடுதலாகச் சேரும். இவற்றோடு பசுமை வரியும், ஆறு மாதத்திற்கு ஒரு முறை எடுக்க வேண்டிய புகைச் சான்றும் உண்டு. அவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும் காகிதங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 4,289 ரூபாய் ஆகிவிடுகிறது. சக்கரம் இன்னும் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை!

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. பெங்களூரில் நல்ல வண்டி கிடைக்கிறது என்று போய் வாங்கி, அத்திப்பள்ளியைத் தாண்டிக் கொண்டு வந்து விடுகிறோம். கர்நாடகப் பதிவெண்ணோடு இங்கே ஓட்டுவதற்கும் ஒரு கால வரம்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், புதிய மாநிலத்தின் பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரி கட்ட வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கும் அலைய வேண்டும். முதல் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்துக் கையொப்பம் பெறும் பாட்டைச் சொல்லி மாளாது. ஆவணம் சரியில்லாத வண்டியை மலிவாக வாங்குகிறவர், மலிவை வாங்கவில்லை, வழக்கை வாங்குகிறார். அது திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் மறுமையின் வழக்கும் அதனோடு சேர்ந்து வரும்.

“பழமை வாகனம் என்று பதிவு செய்து கொள்ளலாமே?” என்று சிலர் கேட்பர். 2021-இல் மத்திய அரசு அதற்கென விதி வகுத்தது உண்மைதான். ஆனால் முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே அதைச் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டலாகாது. 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 இந்த வரையறைக்குள் வர 2035-ஆம் ஆண்டு பிறக்க வேண்டும்.

மூன்றாவது செலவுதான் பெரியது. உதிரி பாகமும் கூலியும். தயாரிப்பே நின்றுபோன வண்டிக்கு அசல் பாகம் வேண்டும் என்றால், விற்பவர் சொன்னதே விலை. பெங்களூரின் ஜே.சி. ரோடு, சிவாஜி நகர், சென்னையின் புதுப்பேட்டை என்று தேடி அலைபவர்கள் பலர். ஒரு கார்புரேட்டருக்காகப் போனவர் ஒரு டேங்க்கையும் சேர்த்து வாங்கி வருவார்; “பிறகு கிடைக்காது” என்பது அவர் சொல்லும் நியாயம். சிலிண்டர் போரிங், பிஸ்டன், குரோம் முலாம், பெயிண்ட், சீட்டு என்று ஒன்று முடிந்தால் ஒன்று காத்திருக்கும். இச்செலவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மிகக் குறைவாக, மூன்று வண்டிகளுக்கும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஆகிறது. முன்னர் கண்ட 4,289 ரூபாயையும் கூட்டினால் 22,289 ரூபாய். இதில் வண்டிகளின் விலை சேரவில்லை. பெட்ரோலும், புகையோடு எரிந்து போகும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் சேரவில்லை.

இந்தத் தொகையை மற்றொரு தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் சேமிப்பின் ஜகாத் 2,500 ரூபாய். அந்த 2,500 ரூபாயைக் கொடுப்பதற்குள் எத்தனை யோசனை! “இந்த ஆண்டு நிலைமை சரியில்லை” என்று எத்தனை பெருமூச்சு! ஆனால் அதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தொகை வண்டிக் கொட்டகையில் கரைந்து போகும்போது ஒரு பெருமூச்சும் எழவில்லை. ஏன்? ஜகாத்தை ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கிறோம். ஆகவே அது பெரிதாகத் தெரிகிறது. ஆசைக்கான செலவை இருநூறும் ஐந்நூறுமாகச் சிதறவிடுகிறோம். ஆகவே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

மற்றொரு பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்கிற்காகச் செலவாகும் பணம் முழுவதும் காற்றில் போவதில்லை. லேத் பட்டறையில் நிற்பவர், டிங்கரிங் செய்பவர், பெயிண்டர், குஷன் கடைக்காரர் ஆகியோரில் நம் சமுதாயப் பிள்ளைகள் எத்தனை பேர்! பெரிய தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை முடிந்து வெளியேறிய பலருக்கு இந்தச் சிறு பட்டறைகளே அடுப்பெரிய வைக்கின்றன. எனவே, ஆசைக்குச் செலவழிப்பவர் கூலியிலாவது தாராளமாக இருக்கட்டும். அசல் இண்டிகேட்டர் ஒன்றிற்கு ஆயிரம் ரூபாயை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைப் பொருத்திய மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவது எந்த வகை நியாயம்? உழைத்தவரின் கூலியைக் காலம் தாழ்த்தாமல் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்த பண்பன்றோ!

இனி, பலரும் கேட்கும் மார்க்கக் கேள்விக்கு வருவோம். “சேர்த்து வைத்திருக்கும் வண்டிகளுக்கு ஜகாத் உண்டா?”

சொந்த உபயோகத்திற்கான வாகனங்களுக்கு ஜகாத் இல்லை. ஆசைக்காக வாங்கி நிறுத்தியிருந்தாலும், அவை வியாபாரப் பொருள் அல்ல என்பதால் ஜகாத் கடமையாவதில்லை. ஆனால், விற்று லாபம் பெற வேண்டும் என்ற உறுதியான எண்ணத்தோடே வாங்கியிருந்தால், அவை வியாபாரச் சரக்கு. அப்போது ஜகாத் ஆண்டு நிறைவுறும் நாளில் சந்தை விலை என்னவோ அதைக் கணித்து, மற்றச் செல்வத்தோடு சேர்த்து இரண்டரை சதவீதம் கொடுத்தாக வேண்டும். உபயோகத்திற்கென வாங்கிய ஒன்றைப் பிற்காலத்தில் விற்கலாமா என்று மனத்தில் எண்ணுவதால் மட்டும் அது சரக்காகிவிடாது; விற்றுப் பணம் கைக்கு வந்தபின் அப்பணம் கணக்கில் சேரும்.

இங்கேதான் நம் நாவைக் கவனிக்க வேண்டும். மனைவி கேட்டால், “இது செலவல்ல, முதலீடு, நாளை இரட்டிப்பு விலைக்குப் போகும்” என்கிறோம். ஜகாத் கணக்கு எழுதும்போது, “இது வெறும் ஆசைக்கு வாங்கியது” என்கிறோம். ஒரே வண்டிக்கு வீட்டில் ஒரு நிய்யத், ரமழானில் ஒரு நிய்யத்தா? நம் உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ் நன்கறிவான். முதலீடு என்றால் அதற்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள். ஆசை என்றால் ஆசை என்றே இல்லாளிடம் உண்மையைச் சொல்லி, அவருடைய தேவைகளும் பிள்ளைகளின் தேவைகளும் நிறைவேறிய பின் அதற்கு ஒரு வரம்பு கட்டுங்கள்.

பலர் அறியாத மற்றொரு சட்டமும் உண்டு. ஹனஃபி மத்ஹபின்படி, அத்தியாவசியத் தேவைக்கு மேற்பட்ட பொருள்களின் மதிப்பு, கடன் போக, 612 கிராம் அளவு வெள்ளியின் விலையை எட்டிவிட்டால், அப்பொருள்களுக்கு ஜகாத் இல்லாவிடினும் அவர்மீது குர்பானியும் ஃபித்ராவும் கடமையாகின்றன. அவர் பிறரிடம் ஜகாத் பெறவும் தகுதியற்றவராகிறார். போர்வைக்குள் நிற்கும் கூடுதல் வண்டிகள் இக்கணக்கில் சேரும். “கையில் பணமில்லை, எனக்கேது குர்பானி?” என்று சொல்பவர், அன்றைய வெள்ளி விலையையும் தம் கொட்டகையையும் ஒரு முறை பார்த்துக் கொள்வது நல்லது. ஷாஃபி மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத்தாகும். ஃபித்ராவின் அளவுகோலும் வேறு. அவரவர் நிலைமையை உள்ளூர் ஆலிம்களிடம் விளக்கிக் கூறித் தெளிவு பெறுக.

ஆசைக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. உயிர் காக்கும் மருத்துவத்திற்குக் கடன் வாங்க நேர்ந்தவரே கண்ணீர் வடிக்கிறார். போர்வைக்குள் நிற்கப் போகும் வண்டிக்காக மாதத் தவணையும் வட்டியும் கட்டுவதும், மனைவியின் நகையை அடகுக் கடையில் வைப்பதும் பொழுதுபோக்காகாது. குடும்பத்தின்மீது இழைக்கும் அநீதியாகும்.

ஆகவே, நான் முன்வைக்கும் யோசனை எளிது. ஜகாத்திற்கென்று ஒரு சந்திர நாளை நீங்கள் குறித்து வைத்திருப்பீர்கள். ஏறத்தாழ 354 நாட்களுக்கு ஒரு முறை அது திரும்பி வரும். அதே நாளில் பொழுதுபோக்கின் கணக்கையும் முடியுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒரு பக்கத்தில் வாங்கிய விலை. அடுத்த பக்கத்தில் காகிதச் செலவு. அதற்கடுத்து உதிரி பாகமும் கூலியும். இறுதியில் போக்குவரத்தும் எரிபொருளும். ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்த அன்றே எழுதுங்கள். ஆண்டு முடிவில் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கூட்டிப் பாருங்கள். அதன் அருகிலேயே அவ்வாண்டு கொடுத்த ஜகாத்தையும் ஸதகாவையும், பெற்றோருக்குச் செய்த செலவையும் எழுதுங்கள். பிறகு யாரும் உங்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அந்த இரண்டு தொகைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றாலே போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ஆசையைக் கண்டவுடன் சீறி விழாதீர்கள். பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பிள்ளை, வேறு பல தீய இடங்களில் இல்லை என்பதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி கூறுங்கள். அவன் கைக்கு ஒரு தொழிலும் வந்து சேரக்கூடும். ஆனால் “இவ்வளவு ஆயிற்றா?” என்று கேளுங்கள், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது வண்டி வேண்டுமென்றால் முதல் வண்டியை விற்றுவிட்டு வாங்கு என்று வரம்பு வையுங்கள். சைலன்சரை மாற்றி ஊரை எழுப்பும் சத்தத்தோடு ஓட்டினால், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அண்டை வீட்டாரின் உறக்கமும் பள்ளிவாசலின் அமைதியும் அவன் ஆசைக்கு விலையாகக் கூடாது.

இளைஞர்களே! மறுமை நாளில் பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டென்று நாம் கற்றிருக்கிறோம்; வந்த வழி ஒன்று, போன வழி மற்றொன்று. உழைத்துச் சம்பாதித்த நீங்கள் முதல் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்வீர்கள். இரண்டாம் கேள்விக்கு, “கணக்கு வைக்கவில்லை” என்று சொல்ல முடியாது. அங்கே கேட்கப்படும் முன் இங்கேயே எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

செலவில் நடுநிலை பேணுவதை, ரஹ்மானின் அடியார்களுக்குரிய குணங்களில் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 25-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. கஞ்சத்தனமும் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம். அந்த நடுவழியைக் கண்டுகொள்ளும் தெளிவையும், கண்டபின் அதில் நிலைத்து நிற்கும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.